ஷூ போட்டு மிதிக்க வேண்டிய கிட்டார்

ஐடிஐ முடித்தவன் கையில் வெல்டிங் மிஷினைக் கொடுத்து அவனைத் தனியாக விடக் கூடாது. எங்கள் குடும்பம் இதைத் தெரிந்துகொண்டது ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்தன்று, கோயிலுக்குள், பூசை நேரத்தில்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். கூனிமேட்டில் ஈசிஆர் ஓரமாக இருந்த கரீம் பாய் பட்டறையில் நான் ஃபிட்டர். வாரம் முழுக்க உப்பளத்து இன்ஜின்களுக்கு வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார். (இரண்டிலும் சத்தம் ஒன்றுதான் என்பது அக்காவின் கருத்து.)

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு மோட்டார் மாட்டப் போனபோது, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டாரை மேசை போலப் படுக்கவைத்து நாலு கால் கொடுத்திருப்பார்கள். இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகள்மேல் வழுக்கவிட வேண்டும். காலடியில் பெடல்கள். மிதித்தால் அடியிலுள்ள ராடு தந்தியை இழுக்கும், சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். நான் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அவர் காலில் கனத்த பூட்ஸ் இருந்தது. அதையும் பார்த்தேன், ஆனால் பார்ட்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையின் பெரியப்பா, "பாண்டியிலேர்ந்து நம்ம கீபோர்டு ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். அக்கா முந்திக்கொண்டு, "வேணாங்க, என் தம்பி புது கிட்டார் ஒண்ணு செய்றான். அவனே வாசிப்பான்" என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சரி, பொண்ணு வீட்டு இஷ்டம். பாக்கலாம்." அந்தப் "பாக்கலாம்" எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. புகப்போகிற வீட்டுக்கு அக்கா கொடுத்த முதல் வாக்கு அது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் வெல்டிங்கில் இருந்தது.

பழைய கதவுப் பலகைதான் உடம்பு. ராடுகள் சைக்கிள் பிரேக்கிலிருந்து வந்தன. தந்தியை இழுக்கும் நெம்புகோல்களை இரும்புப் பட்டையில் விரல் விரலாக அறுத்தேன். காலை எடுத்ததும் பெடலை மேலே தள்ள ஸ்பிரிங் வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் மெல்லிய ஸ்பிரிங் ஒரு மழைக்குத் தாங்காது என்று இன்ஜின் வால்வு ஸ்பிரிங்கையே போட்டேன். கால் வழுக்கக் கூடாதே என்று பெடலுக்கு, லாரிப் படிக்கட்டில் போடுவார்களே, அந்தப் புள்ளி புள்ளியான தகட்டை வெட்டி வைத்தேன்.

"மிதிச்சுப் பாத்தியாப்பா?" என்றார் பாய்.

"பாத்துட்டேன் பாய். பஞ்சு மாதிரி இருக்குது."

பஞ்சு மாதிரி இருந்தது உண்மை. பட்டறையில் நான் எப்போதும் கனத்த சோல் வைத்த ஷூவில்தான் இருப்பேன்.

கல்யாணத்தன்று காலையில் அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பீடத்தின் பக்கத்தில் வைத்தோம். வாசலில் எல்லார் செருப்போடும் என் ஷூவையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான், யோசித்துச் செய்கிற காரியமா அது?

அக்கா வாசலில் வந்து நின்றாள். ஃபாதர் தலையசைத்தார். ஆரம்பித்தேன். முதல் வரியின் முடிவில் பெடலை மிதித்தேன். தேங்காய்த் துருவியில் காலை வைத்தது போல் இருந்தது. வால்வு ஸ்பிரிங் பாதிதான் இறங்கியது. சுருதியும் பாதிதான் ஏறியது. கன்றைத் தொலைத்த பசு மாதிரி ஒரு சத்தம். குதிகாலால் மிதித்தேன். பசு இரண்டானது. பாட்டுக் குழு வாயை மூடிக்கொண்டது.

அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் அக்காவைப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பீடத்தடியில் கோட் சூட்டோடு நின்ற மாப்பிள்ளை சேவியர் மாமா மெதுவாகக் கேட்டார். "என்னப்பா ஆச்சு?"

"ஷூ இல்லாம மிதிக்க முடியல மாமா."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். கோட் சூட் போட்ட மாப்பிள்ளைக்கு மட்டும் கோயிலுக்குள் ஷூவுக்கு அனுமதி உண்டு. வலது கால் ஷூவை இடது காலாலேயே கழற்றி, பந்து தள்ளுவது போல என் பக்கம் தள்ளினார்.

மாட்டிக்கொண்டு மிதித்தேன். சுருதி ஏறியது, பாட்டு எழுந்தது, அக்கா நடந்தாள். ஆனால் மாமாவுக்குப் பெரிய பாதம். அந்த ஷூ இரண்டு பெடல்களையும் ஒன்றாக மிதித்து, நடுச்சந்தில் இறுகிவிட்டது. சுருதி இறங்காமல் மேலேயே நின்றது. பாட்டுக் குழுப் பெண்கள் கழுத்து நரம்பு தெரியக் கத்தி முடித்தார்கள். முடிந்ததும் காலை இழுத்தேன். கால் வந்தது, ஷூ வரவில்லை.

ஆகவே சேவியர் மாமா ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாகத் தாலி கட்டினார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. ஃபாதர் ஒருமுறை கீழே பார்த்தார், பிறகு கடைசிவரை பார்க்கவில்லை. போட்டோக்காரர் பார்த்தார். ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெருவிரல் இருக்கிறது.

விருந்தில் பெரியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கீபோர்டுக்குக் காலே வேணாம்ப்பா."

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "கீபோர்டு வந்திருந்தா, நான் எப்படிப்பட்ட ஆளக் கட்டிக்கிறேன்னு எனக்கு எப்படிப் பெரியப்பா தெரிஞ்சிருக்கும்?" நான் இலையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். (காரம் என்று சொல்லிவிட்டேன்.)

ஷூவை மறுநாள் பாய்தான் பெடலை அறுத்து எடுத்தார். அந்தக் கிட்டாரை நான் மறுபடி தொடவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் வந்து, "மாமா, ஸ்கூல் விழாவுக்கு டிரம் வாசிக்கிறேன், எனக்கு ஒரு பெடல் செஞ்சு குடுங்க" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சேவியர் மாமா எழுந்துபோய், ஷூ அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.