பாதி சார் சொன்ன பொய்

பாதி சார் ஒரு பொய்யர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எந்தப் பட்டறையிலும் வந்து நின்று இதைச் சொல்வேன். அவரைப் போல மனிதனைக் கடுப்பேற்றும் ஆள் இந்த ஜில்லாவில் இன்னொருவர் பிறக்கவில்லை.

வீடு அணுபுரத்தில். தொழில், மெஷின்களின் வேகத்தைச் சரிசெய்வது. லேத் என்கிற கடைசல் மெஷினில் இரும்பைப் பிடித்துச் சுற்றுவது ஸ்பிண்டில். கத்தி கடித்ததும் வேகம் இறங்கும். ஒரு கண்ட்ரோல் பெட்டி அதைக் கவனித்து மின்சாரத்தைக் கூட்டும். பெட்டிக்கு அவசர புத்தி இருந்தால் அளவுக்கு மேல் கூட்டும், பதறிக் குறைக்கும், மறுபடி கூட்டும். இரும்பின் மேல் வரி வரியாக அலை விழும். அந்த அவசரத்தை அடக்குவதுதான் அவர் வேலை.

அதற்கு அவரிடம் ஒரே வழி. பெட்டி எவ்வளவு கூட்டலாம் என்று வைத்திருக்கும் அளவைப் பாதியாக்குவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருப்பார். போதவில்லையென்றால் மறுபடி பாதி. சாப்பாட்டிலும் இதே கூத்துதான். பாதி வடையைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடுவார். கடைக்காரர் தட்டை எடுத்துப் போய்விடுவார். என் கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு அவர் உட்கார்ந்திருக்க, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள்.

"பொறுங்கப்பா, வயித்துலேருந்து இன்னும் தகவல் வரலை" என்றார்.

போன மழைக்கு முன்னால் எங்கள் பட்டறையில் கடைந்த இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட், எல்லாம் வரி விழுந்தே வந்தது. ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து சோதிக்க ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் சரியாக வராவிட்டால் ஆர்டர் போய்விடும். முதலாளி, மெஷின் ஓட்டுகிற என் மேல் பாய்ந்தார்.

"டேய் சேகரு, உன் கைலதான்டா இன்னாவோ கீது. இன்னிக்கும் வரி வுந்துச்சு, நாளைலேர்ந்து வூட்டோட இரு."

பாதி சாரைக் கூப்பிட்டார்கள். பாதியாக்கினார். வரி. மறுபடி பாதி. மறுபடி வரி.

"இன்னா சார், பாதி பாதின்னுகினே மெஷினைத் தூங்க வெச்சிருவீங்க போலகீதே!"

"பொறுங்க. அது இன்னும் பதில் சொல்லலை."

"அது சொல்றதுக்குள்ள என் ஆர்டரு பூடும் சார்!"

அப்போது முதலாளிக்கு போன் வந்து வெளியே போனார். அந்த நேரத்தில் ஓடிய ஷாஃப்ட் மட்டும் வழவழவென்று வந்தது. அவர் திரும்பி வந்தார். வரியும் திரும்பி வந்தது.

பாதி சாரின் பார்வை மெல்ல நகர்ந்தது. முதலாளி வழக்கம்போல மெஷினில் சாய்ந்து நின்றார். கை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல். பழைய லேத்தைக் காதால் கேட்டே ஓட்டி வளர்ந்தவர். சத்தம் இறங்கினால் கை தானாகத் திருகும், அவருக்கே தெரியாது. பெட்டியும் கூட்டும், அவரும் கூட்டுவார். பெட்டி குறைக்கும், அவரும் குறைப்பார். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர்.

பாதி சார் இரண்டு டீ வரவழைத்து முதலாளியிடம் நீட்டினார்.

"கைக்கு ஒண்ணாப் பிடிங்க. கீழ வெக்காதீங்க. சேகர், ஓட்டு."

"யோவ், சுடுதுய்யா!"

"பொறுங்க."

முதலாளி டம்ளர்களோடு கரகாட்டம் ஆடி முடித்தபோது ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி வந்திருந்தது.

"இவ்ளோ நாளா என்ன சார் பிரச்சனை?" என்றார் சோதிக்க வந்தவர்.

முதலாளி முகம் வெளுத்தது. பாதி சார் சொன்னார்: "என் தப்புதான். போன தடவை நான் வெச்ச அளவு சரியில்லை."

அதுதான் அந்தப் பொய். ஆர்டர் தப்பியது. என் வேலையும் தப்பியது. ஆனால் பேச்சு தொழிற்பேட்டை முழுக்கப் பரவி, இப்போது அவரை ஒரு பட்டறையும் கூப்பிடுவதில்லை.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று சண்டை போட்டேன்.

"வெளியாள் முன்னாடி அவருக்கு மானம் போயிருந்தா, அந்தக் கோவத்துக்கு உன்னைத்தானே அனுப்பிருப்பார்?"

முதலாளி, உங்களிடம் தனியாகக் கேட்டேன். பேச்சை மாற்றினீர்கள். இப்போது இந்தப் பத்திரிகையில் எழுதி ஊரறியக் கேட்கிறேன். திருகின் மேல் இருந்தது யார் கை? இதே பத்திரிகையில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். என் வேலை போனால் போகட்டும். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பதில் சொல்லுங்கள்.