கொக்குவிலில் சொல்லிக்கொள்ளாமல் வந்தது

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் என் வாழ்க்கையின் பெரிய அவமானம் வாயை மூடிக்கொண்டதால்தான் வந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி. பல்கலைக்கழக நூலகத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று மாதம். அங்கே புத்தகங்களைவிட அவற்றை அடுக்கும் இறாக்கைகள் அதிகம். அப்போதுதான் கொக்குவிலில் இருந்த மலாயாவில் வேலைபார்த்துப் பென்சன் எடுத்த ஐயா ஒருவர், தமக்குப் பிறகு தம் வீடும் எட்டு அலுமாரிப் புத்தகங்களும் நூலகத்துக்கே என்று மரணசாசனம் எழுதப்போவதாகச் சொல்லியனுப்பினார். சாசனத்தை எழுத நொத்தாரிசு வருமுன் புத்தகப் பட்டியல் வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

நூலகர் வாசல்வரை வந்தார். "தம்பி, மனிசனுக்கு மூக்குநுனியிலை கோவம். சாவு கீவு எண்டு ஒரு சொல் உம்மடை வாயிலை வரப்படாது. வந்தால் நீர் இஞ்சை திரும்பி வரத் தேவையில்லை."

ஐயா தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்து உபசரித்தார். "ஐயாவுக்குப் பிறகு" என்று சொல்லவேண்டிய இடத்தில் நான் "ஐயா வெளிக்கிட்டுப் போன பிறகு" என்றேன்.

"எங்கை வெளிக்கிட?" என்றார். நான் இருமிச் சமாளித்தேன்.

பட்டியல் முடிந்து எழும்பினேன். "போட்டு வாறன்" என்று விடைபெற வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் திரும்பி வருவது எதற்கு? அலுமாரி தூக்கத்தானே! இவர் கண்ணை மூடினால்தானே அது நடக்கும்? (இருபத்திரண்டு வயது மூளை, மன்னியுங்கள்.) ஒன்றும் சொல்லாமல், தலையைக் குனிந்தபடி சைக்கிளில் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊரில் செத்தவீட்டிலிருந்து மட்டும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

மறுநாள் காலை ஐயா குடையோடு நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன தம்பி, எனக்கு அந்திரட்டிக் கிரியை எப்ப வைச்சிருக்கிறீர்? உயிரோடை இருக்கிற மனிசன்ரை வீட்டிலையிருந்து இப்பிடியோ போறது? நொத்தாரிசை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்!"

நூலகர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயே போய்விட்டது.

"ஐயா, 'வாறன்' எண்டால் புத்தகம் தூக்க வாறன் எண்டு நினைப்பியளோ எண்டு பயந்திட்டன்."

ஐயா குடை கீழே விழும்வரை சிரித்தார்.

"சரி, எழுதித் தாறன். ஆனா மாதம் ஒருக்கா நீர் வரவேணும். வந்து, போகேக்கை வாசல் படலையடியிலை நிண்டு உரத்துச் சொல்லிப்போட்டுப் போகவேணும்."

நாலு வருடம், அயலட்டை முழுக்கக் கேட்கும்படி "போட்டு வாறன்" என்று கத்தினேன். எப்போது அவர்மேல் அவ்வளவு அன்பு வந்ததென்று எனக்கே தெரியாது.

அவர் காலமான அன்று, வந்த சனமெல்லாம் சத்தமில்லாமல் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. நானும் எழும்பினேன். படலையடிக்கு வந்ததும் பழக்கதோஷம்.

"ஐயா, போட்டு வாறன்!"

மேளம்கூட ஒருகணம் நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் மட்டும் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சில மாதம் கழித்து அலுமாரி தூக்க லொறியோடு போனேன். சொன்னபடி வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கும் நான் சந்தைக்குப் புறப்பட்டால் மனைவி குசினிக்குள்ளிருந்து கத்துவாள்: "இஞ்சாருங்கோ, சொல்லிப்போட்டுப் போங்கோ! அடுப்பிலை சோறு இருக்கு, எனக்கு இப்ப சாக நேரமில்லை."