மெயிலுக்குள் மாட்டிக்கொண்ட பேத்தி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும், மகளும், பிறந்து பதினோரு நாளாகியும் நான் இன்னும் முகம் பார்க்காத பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

போன தடவை வந்தபோது என் மெயிலுக்குப் பாதுகாப்பு போதாது என்று பதினாறு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தீர்கள். எங்கும் எழுதாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், அத்தையிடம்கூட வேண்டாம் என்றீர்கள். முப்பத்தொரு வருஷம் பேங்கில் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான். அப்படியே கடைப்பிடித்தேன், அப்படியே மறந்தும் போனேன். குழந்தை போட்டோவெல்லாம் மெயிலில் போட்டிருப்பதாக மகள் சொன்ன அன்று திறக்கப் போனால், முதலில் படித்த பள்ளிக்கூடம் எது என்று கேட்கிறது. உண்மையைப் போட்டா எவனாவது கண்டுபிடிச்சுடுவான் மாமா, பொய்யா ஒண்ணு போடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க. போட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்குச் சொன்ன பொய் எப்படிங்க ஞாபகமிருக்கும்? தெரிஞ்ச பள்ளிக்கூடம் பேரெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. கவுண்டர்ல எத்தனை பேரை, கையெழுத்து உங்களுது மாதிரி இல்லையேன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். இப்ப நான் நான்தான்னு ஒரு மெஷின்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.

மகளிடம் சொன்னேன், அவர்கிட்ட சொல்றேன்பா என்றாள். மறுநாள் ஏதோ புது நம்பரில் ஒருவன், "மாமா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றான். ஓடிபி கேட்கிறவன் திருடன் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டி, பிளாக்கும் பண்ணிவிட்டு, அப்படியே மாப்பிள்ளை குரல்ல பேசறான் என்று அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "அது மாப்பிள்ளையேதாங்க, புது நம்பர் வாங்கியிருக்காராம்"ன்னா. உங்க பரம்பரையைப் பத்திச் சொன்னது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. பிளாக்கை எடுக்கத் தெரியல, மக போன்ல கூப்பிட்டுப் பேச முகமில்லை, அதான் கடுதாசி. அந்தப் பாஸ்வேர்டை என்கிட்ட சொல்லி வச்சிருக்கலாமேன்னு உங்க அத்தை கேட்டா. மாப்பிள்ளை கூடாதுன்னாருன்னேன். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவகிட்ட மறைக்க என்ன இருக்குன்னா. அன்னையிலேருந்து சாப்பாட்டை மேஜையில வச்சுட்டுப் போயிடறா, பேச்சு இல்லை.

அலுத்துப்போச்சு மாப்பிள்ளை. அந்த மெயில்ல திருட என்ன இருக்கு, கரண்ட் பில்லைத் தவிர? எல்லாப் பூட்டையும் எடுத்துடுங்க. எனக்கு அந்தக் குழந்தை முகத்தை ஒருதரம் பார்த்தாப் போதும்.

மகளுக்கும் உங்களுக்கும் என் ஆசிகள். பேத்திக்கு, முகம் தெரியாததால், பொத்தாம்பொதுவாக ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டக் கோந்து கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "பேத்திக்கு அப்படியே உங்க மூக்கு சார்" என்றார் அந்த வீட்டுக்காரர். மகள் முதல் நாளே எல்லாவற்றையும் அத்தை போனுக்கும் அனுப்பியிருக்கிறாள். அந்தப் போனுக்குப் பூட்டே கிடையாதாம். பால்காரர் வரைக்கும் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து அத்தையிடம், என்னிடம் ஏன் காட்டவில்லை என்றேன். "யார்கிட்டயும் எதையும் சொல்லக்கூடாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே" என்றாள். அப்புறம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். மூக்கை மட்டும் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தேன். மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், என் பூட்டு இருக்கட்டும். உங்கள் அத்தை போனுக்கும் உடனே பலமாக ஒன்று போடுங்கள். பாஸ்வேர்டை என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.