நெற்றிவரை வந்த மாப்பிள்ளை

அன்பு மகள் அவசரத்துக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் நானும் உன் பெரியம்மாவும் சுகம், லேப்டாப் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே வாழ்த்திவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு வருவதெல்லாம் புலம்பல்தான்.

நேற்று உன் அப்பா போன் செய்தான். "அண்ணா, சொந்தக்காரங்க எல்லாரும் பதில் போட்டாச்சு, நீ மட்டும் ஏன் போடல? பெரியப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னு பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கா" என்றான். "அவகிட்ட போனைக் கொடு, நானே சொல்றேன்" என்றேன். "போன்ல சமாதானம் பேச வேண்டாமாம். வர்றதா இருந்தா இன்டர்நெட்டுல அவ போட்டிருக்கிற கல்யாணப் பக்கத்துல பதில் போடட்டும், ஞாயித்துக்கிழமையோட அதை மூடப்போறேங்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டான். மகளே, மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு நான் அவரை முதலில் பார்க்க வேண்டாமா? என்னிடம் இருப்பது பட்டன் போன். இருக்கும் ஒரே வழி இந்த லேப்டாப். இதில் உன் பக்கத்தைத் திறந்தால் அவர் படம் மேலேயிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முதலில் தலைமுடி வந்தது. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தோம், நெற்றி வந்திருந்தது. அதோடு சரி. நெற்றி நல்ல நெற்றி. அந்த நெற்றிக்கு என் பூரண சம்மதம்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க லிஃப்ட் ஓட்டியவன், உனக்குத் தெரியும். உள்ளே எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை இருக்கும். ஒன்பதாவது ஆள் காலை வைத்தால் லிஃப்ட் கத்தும். "யாராவது ஒருத்தர் இறங்குங்க" என்று நானும் கத்துவேன். இந்த லேப்டாப்பும் எட்டுப் பேர் ஏறுகிற சரக்குதான். நீ உன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தபோது, ஒரு பக்கத்தைத் திறந்தால் நாலு வரியும் ஒரு படமும் ஏறும், மேலே போகும், கதவு திறக்கும். இப்போது மழை வருமா என்று பார்க்கப் போனாலே கூட ஒரு ஊர்வலம் ஏறுகிறது. கேட்காமலே ஓடுகிற வீடியோ ஒன்று, செருப்பு விளம்பரம் ஒன்று, குக்கீ சம்மதமா என்று வழியை மறிக்கிறவர் ஒருவர், ஏதாவது உதவி வேண்டுமா என்று மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் ஒருவர், நான் எதைப் பார்க்கிறேன் என்று குறித்துக்கொள்ளக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கூட்டம். அத்தனை பேரும் ஏறி முடித்து மழை வரும் என்று பதில் வருவதற்குள் மழை பெய்து ஓய்ந்து, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "சார், இதுல ஒரு கோளாறும் இல்ல. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. பக்கங்கதான் பெருத்துப்போச்சு. இதுக்கு மெமரி கம்மி, கூட்டவும் இடமில்ல. எதுக்கும் பிரௌசரைப் புதுசா போட்டுப் பாருங்க" என்றார். போட்டுப் பார்த்தேன். புது பிரௌசர், உன் விண்டோஸ் பழசு என்றது. விண்டோஸைப் புதுப்பிக்கப் போனால், உன் லேப்டாப் பழசு என்றது. அடுத்து என்னைப் பார்த்து என்ன சொல்லுமோ என்று பயந்து மூடிவிட்டேன். "புதுசு ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்" என்கிறாள் பெரியம்மா. எப்படி வாங்குவேன்? மூடியில் "பெரியப்பாவுக்கு" என்று நீ ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறதே. அதைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

இன்று காலை மறுபடி உட்கார்ந்தோம். பக்கம் செய்வதுதான் உன் தொழில், அதனால் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். கல்யாணம் என்றைக்கு, எங்கே என்று சொல்லி, வருவீர்களா என்று கேட்க மூன்று வரி போதாதா? மேலேயிருந்து பூ ஏன் கொட்ட வேண்டும்? பாட்டு ஏன் பாட வேண்டும்? கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை விநாடி என்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறாய் அல்லவா, இங்கே அது நிமிஷத்துக்கு ஒரு விநாடிதான் நகர்கிறது. அதை நம்பினால் அடுத்த மாதம் நடக்க வேண்டிய கல்யாணம் ஐந்து வருஷம் கழித்து நடக்கும். ஒரு பூ பாதி வழியில் நின்றுவிட்டது. லேப்டாப்போ கொதிக்கிறது, இரைகிறது. "இது மூச்சு வாங்குறதைப் பார்த்தா உங்களுக்கு முன்னாடி போயிடும் போலிருக்கே" என்று பெரியம்மா மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். நாங்கள் இருவரும் வியர்வையில் நனைந்தோம், அது காற்று வாங்கியது.

கடைசியில் "வருகிறேன்" என்ற பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அசையவில்லை. அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதில் நீ லிஃப்ட் வாசலில் நின்று பொத்தானைப் போட்டுக் குத்துவாய். "ஒரு தடவை அழுத்தினா போதும், வரும்போது வரும்" என்று நான் திட்டுவேன். உனக்கு அவசரம் என்று பெயர் வந்ததே அப்படித்தான். அதே குத்து நானும் குத்தினேன். "கொஞ்சம் நிதானமா இருங்களேன்" என்றாள் பெரியம்மா. "அங்கே பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு, நிதானமாம்" என்று அவள் மேலும் எரிந்து விழுந்தேன். பக்கம் வெளுத்துப்போய் அப்படியே நின்றது. அது யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டுத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே கண்ணைத் துடைத்துக்கொள். அழுத்த வேண்டியதை அழுத்தியாகிவிட்டது. இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே என் பதில் உன்னிடம் வந்துவிடும். உன்னைத் தோளில் தூக்கி மேல்மாடிப் பொத்தானை எட்டவைத்தவன் உன் கல்யாணத்துக்கு வராமல் இருப்பேனா? உன் அப்பாவுக்கு என் அன்பு, அம்மாவுக்குப் பெரியம்மாவின் விசாரிப்பு, மாப்பிள்ளையின் முகத்தில் நான் இன்னும் பார்க்காத மிச்சத்துக்கும் சேர்த்து என் ஆசி.

இப்படிக்கு,
மூச்சு வாங்கும்
பெரியப்பா

பி.கு.: கையெழுத்துப் போடும்போது லேப்டாப்பின் இரைச்சல் நின்றது, பக்கம் உயிர் பெற்றது. நான் குத்திய குத்தெல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பூ கொட்டுகிற படம் வந்து இறங்கும்போதெல்லாம் பொத்தான்கள் இடம் மாறியிருக்கின்றன. குத்தில் பாதி "உடன் வருவோர்" என்ற இடத்தில் விழுந்து, குத்துக்கு ஒரு ஆள் கூடியிருக்கிறது, கடைசிக் குத்து "வர இயலவில்லை" மேல். "பதிவு செய்துகொண்டோம். நீங்களும் உங்களுடன் பதினாறு பேரும் வராதது எங்களுக்கு வருத்தமே. பதிலை மாற்ற இயலாது" என்று நெஞ்சைப் பிளக்கிற மாதிரி எழுதி, சுற்றிலும் பூ வேறு கொட்டுகிறது. அந்தப் பதினாறு பேர் யார் என்று பெரியம்மா கேட்கிறாள். என் பதில் வந்துவிடும் என்று மேலே எழுதினேனே, அந்தப் பதிலை நம்பாதே. இதைத் தபாலில் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புகிறோம். உன் வீட்டு அழைப்பு மணியை ஒரே ஒரு தடவைதான் அழுத்துவேன். நீ கதவைத் திறக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன்.