தோளில் உட்கார்ந்த நாற்பத்தெட்டு கிலோ

ஊரில் குண்டாக இருந்தவர்களுக்கெல்லாம் அந்த மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. எடை அவர்களுடையது இல்லையாம்!

செய்தியைக் கொண்டுவந்தவர் பாரம் இறக்கியார். மூடிப்போன மெத்தைக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, மேடை போட்டு, மைக் கட்டி, அவர் அறிவித்த தத்துவம் இதுதான்: மனிதனுக்குச் சொந்த எடை எழுபது கிலோ. அதற்கு மேல் இருப்பதெல்லாம் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆவியின் எடை. நடக்கும்போது தள்ளாடுகிறதா? ஆவி சவாரி செய்கிறது. படியில் கால் இடறுகிறதா? ஆவி கடிவாளத்தை இழுக்கிறது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையா? ஆவி தூங்குகிறது, பாவம்.

கேட்டவர்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக 'வாயைக் கட்டு' என்று ஏச்சு வாங்கியவர்கள் அல்லவா? ஆவி தின்றதற்கு நாம் பேச்சு கேட்டிருக்கிறோமே என்று பொருமினார்கள். ஒருவர் தன் ஆவி இனிப்புப் பிரியன் என்றார். இன்னொரு அம்மா, தன்னுடையது மதியம் இரண்டு தடவை சாப்பிடும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

முன்வரிசையில் இருந்தார் டெய்லர். ஐம்பத்தொரு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. ஆக, ஆவிக்கு நாற்பத்தெட்டு. நாலு மாதத்தில் மூன்று தடவை விழுந்திருந்தார்: குளியலறையில், கடைப் படியில், நட்ட நடு ரோட்டில். மூன்றாவது தடவை ஒரு லாரி அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றிலிருந்து கைத்தடி.

ஆஸ்பத்திரிக்கும் போனார். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எடையைக் குறைங்க" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். விழுந்தவனிடம் எப்படி விழுந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அவர் கேட்கவில்லை, இறக்கியார் கேட்டார். அங்கேதான் நம்மவர் நான்காவது தடவையாக விழுந்தார்.

"காலைச் சேர்த்து நில்லுப்பா. வலது கையைப் பக்கவாட்டுல நீட்டு" என்றார் இறக்கியார். மணிக்கட்டில் இரண்டே விரலை வைத்து அமுக்கினார். டெய்லர் சரிந்து பக்கத்து மெத்தையில் விழுந்தார். கூட்டம் "ஆ!" என்றது.

பிறகு கணுக்காலில் ஒரு செப்புக் காப்பு மாட்டப்பட்டது. காப்புக்கு விலை கிடையாது. காணிக்கை மட்டும் உண்டு, அது விலையைவிட அதிகம். மறுபடி கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்கு மேலே அமுக்கினார். டெய்லர் அசையவில்லை. இறக்கியார் தொங்காத குறையாக அமுக்கியும் அசையவில்லை.

"எறங்கிட்டான்!" என்று மைக்கில் கத்தினார் இறக்கியார். டெய்லர் கைத்தடியை மேடை ஓரத்துக் குவியலில் போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார், வழி நெடுக மனைவியின் தோளைப் பிடித்தபடி.

இறக்கியாருக்கு அவர்மேல் தனிப் பிரியம். பெரிய மனிதர்கள் வெறும் காப்பை மாட்டக் கூச்சப்பட்டார்கள். "துணிக்குள்ள இருந்தாலும் செம்பு வேலை செய்யும்" என்று அவர்களுக்கு அருள்வாக்குக் கொடுத்து, உறை தைக்கும் வேலையை டெய்லரிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு கட்டளை. ஞாயிற்றுக்கிழமை, கிடங்குப் பரணிலிருந்து, கைப்பிடி இல்லாத பதினான்கு இரும்புப் படிகளை, தடியில்லாமல், எல்லாரும் பார்க்க டெய்லர் இறங்கிக் காட்ட வேண்டும்.

டெய்லர் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. வெளியூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை காலையிலேயே மச்சினி வந்து இறங்கினாள்.

"மாமா, எந்திரிச்சு பீரோ வரைக்கும் நடந்து, திரும்பி வந்து நாற்காலியில உட்காருங்க. நான் நேரம் பார்க்கிறேன்."

"ஏம்மா, ஓட்டப்பந்தயமா?"

"உங்களுக்குப் போட்டியா ஆமையைக் கூப்பிட்டேன். மானம் போயிடும், வரமாட்டேன்னுடுச்சு."

இருபத்திரண்டு வினாடி ஆயிற்று. திரும்பும் இடத்தில் பீரோவைப் பிடித்துக்கொண்டார். மச்சினி குறித்துக்கொண்டாள். கையை ஊன்றாமல் எழச் சொன்னாள், முடியவில்லை. குறித்துக்கொண்டாள். காலைச் சேர்த்து நிற்கச் சொன்னாள், நின்றார். கண்ணை மூடச் சொன்னாள். மரம் மாதிரிச் சாய்ந்தார். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள்.

"பார்த்தியா! கண்ணை மூடினதும் தள்ளுறான்!"

"ஆவிக்குக் கண்ணாமூச்சி விளையாட்டு வேற தெரியுமா? கட்டில்ல படுங்க மாமா."

அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு நைலான் இழையை எடுத்தாள். "உள்ளங்கால்ல இதால தொடுவேன். தொடுறப்போ சொல்லுங்க."

டெய்லர் காத்திருந்தார். மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சீக்கிரம் ஆரம்பிம்மா, எனக்கு வேலை இருக்கு."

"வலது கால் முடிஞ்சிருச்சு மாமா" என்றாள் மச்சினி. அவள் குரலில் இப்போது கேலி இல்லை.

இடது காலைத் தூக்கியவள் இழையைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா குனிந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு குண்டூசி தலைவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கி, சீழ் கோத்திருந்தது. துணிக்குக் குத்துகிற அவருடைய சொந்தக் குண்டூசி! வெறுங்காலோடு மெஷின் மிதிக்கிற மனிதர், அதன்மேலேயே எத்தனை நாள் மிதித்தாரோ!

"இது எப்பக் குத்துச்சு?"

"எது?" என்றார் டெய்லர்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசியை எடுத்து, கீறிக் கட்டுப் போட்டார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார்கள்.

"சர்க்கரை உங்களுக்குப் பத்து வருஷமா இருக்கு. உள்ளங்கால் மரத்துப் போச்சு" என்று வரும் வழியில் மச்சினி சொன்னாள். "தரை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியல, கண்ணுதான் பார்த்துப் பார்த்துச் சொல்லுது. தொடையிலயும் வலு இல்ல. எடையும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா அது ஒண்ணு மட்டுமே இல்ல. பயிற்சி இருக்கு, சரியான செருப்பு இருக்கு, தடி இருக்கு. தடியைத் தூக்கிப் போடச் சொன்னவன் உங்களைக் கொல்லப் பார்த்திருக்கான்."

"அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆவியையே பார்க்கிறவரு…"

வாக்கியம் பாதியில் நின்றது. டெய்லர் தன் கால் கட்டைப் பார்த்தார். முதலில் பயம் வந்தது, பிறகு அவமானம் வந்தது. கடைசியாக வந்த கோபம்தான் உருப்படியானது. வீட்டுக்கு வந்ததும், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கையாலேயே உறை தைக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் எள் போட்டால் எள் விழாது. டெய்லர் ஒரு புதுத் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தடி எதுக்குப்பா? பரண்ல ஏறு" என்றார் இறக்கியார்.

"ஏறுறேன் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இந்தாங்க, நீங்க கேட்ட உறை. பத்து இருக்கு. அஞ்சுல உங்க செப்புக் காப்பு, அஞ்சுல பழைய இரும்புக் கடை வளையம். கலைச்சுப் போட்டுட்டேன், எதுல எதுன்னு எனக்கே தெரியாது. பத்துப் பேர் காலுல கட்டுவோம். நீங்க அமுக்குங்க. செம்பு கட்டினவங்க நிக்கணும், இரும்பு கட்டினவங்க விழணும். அப்புறம் பிரிச்சுப் பார்த்துடலாம்."

"என்னையே சோதிக்கிறியா?" என்று இறக்கியார் சீறினார்.

அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் பக்தர்கள். அவர்களோ நிஜமாகவே நம்பினார்கள். "காட்டிடுங்க ஐயா! டெய்லர் வாயை அடைச்சிடுங்க ஐயா!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். பத்துப் பேர் தாங்களாகவே ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். பாவம், மனிதர் தன் வெற்றியிலேயே மாட்டிக்கொண்டார்.

அமுக்கினார். ஐந்து பேர் நின்றார்கள், ஐந்து பேர் மெத்தையில் விழுந்தார்கள். டெய்லர் கத்தரிக்கோலை எடுத்து, நின்றவர்களின் உறைகளைக் கூட்டத்துக்கு எதிரில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரும்பு. இரும்பு. செம்பு. இரும்பு. இரும்பு.

ஆவியை விரட்டியது பழைய இரும்புக் கடை. செம்பு கட்டிய நாலு பேர் மெத்தையில் கிடந்தார்கள்.

"செம்புல கலப்படம்!" என்றார் இறக்கியார்.

"நீங்க குடுத்ததுதானே ஐயா."

"என் பார்வை பட்டு இரும்புக்கும் சக்தி வந்துடுச்சு!"

கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள்! மச்சினிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"உங்க எடை எவ்வளவுங்க?"

"அம்பத்திரண்டு."

"அப்ப உங்க மேல ஆவி கிடையாது?"

"துளிகூடக் கிடையாது."

"காலைச் சேர்த்து நில்லுங்க. கையை நீட்டுங்க."

மைக்கும் கையுமாக நின்றவர், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்ததால், நீட்டினார். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, வெளிப்பக்கமாகச் சாய்த்து அமுக்கினாள். பாரம் இறக்கியார் மைக்கோடு மெத்தையில் இறங்கினார்.

"மணிக்கட்டுல வெளிப்பக்கமா அமுக்கினா யாரா இருந்தாலும் விழுவாங்க. முழங்கைக்கு மேல, உடம்பைப் பார்த்து உள்பக்கமா அமுக்கினா யாரா இருந்தாலும் நிப்பாங்க. பக்கத்துல இருக்கிறவங்களை இப்பவே அமுக்கிப் பாருங்க" என்றாள் மச்சினி. பிறகு கீழே குனிந்து, "எழுபதுக்குப் பதினெட்டு கிலோ குறையுதே, உங்களை எந்த ஆவி தின்னுச்சு?" என்று கேட்டாள்.

கிடங்கு முழுக்க அமுக்கல் நடந்தது. புருஷன் பெண்டாட்டியை அமுக்க, மாமியார் மருமகளை அமுக்க, எல்லாரும் விழுந்து, எல்லாரும் நின்று, எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கைத்தடிக் குவியலைச் சுற்றி அடிதடி. அந்தச் சந்தடியில் இறக்கியார் எந்தத் தள்ளாட்டமும் இல்லாமல், நல்ல வேகத்தில், பின்வாசலை நோக்கி ஓடினார். செம்பு கட்டி விழுந்த நாலு பேர்தான் மடக்கிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு அம்மா மச்சினியின் கையைப் பிடித்துக்கொண்டார்: "தாயி, அந்த ரெண்டு விரலை என் முட்டியில ஒரு தடவை வைம்மா!"

டெய்லருக்கு வந்ததே கோபம். "போதும்யா!" என்று கத்தினார். "ஆளை மாத்தாதீங்க, புத்தியை மாத்துங்க! வீட்டுக்குப் போய் அவங்கவங்க உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலையா, கண்ணாடியைத் தரையில வச்சுப் பாருங்க. தொட்டா தெரியலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர் உங்க காலைத் தொட்டுப் பார்க்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்காதீங்க!"

மறுநாள் கடைகளில் கைக்கண்ணாடி தீர்ந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், வேறு வழியில்லாமல், நாற்பது பேர் காலைத் தொட்டுப் பார்த்தார். சந்தோஷம்தான். ஆனால் கண்ணாடிக் கடையில் மூன்று பேர் இப்படிக் கேட்டார்களாம்: "டெய்லர் சொன்னாரே, அதே கண்ணாடி இருக்கா?"

கால் மரத்துப் போனால் இழையால் தொட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மூளை மரத்துப் போனால் எதால் தொட்டுப் பார்ப்பது என்று நீங்களே கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். யோசிக்க வருகிறதா என்பதுதான் அந்தச் சோதனை.