அம்மனைப் போட்டோ எடுக்க விடல பாவா

மஸ்கட்டில் லாரி ஓட்டும் என் பாவா விஜயன் அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து தங்கள் மனைவி பிரபாவதி பணிவுடன் எழுதுவது. முருகன் தயவில் நானும் அத்தையும் சுகம். தங்கள் முதுகுவலி தேவலையா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செத்துப் போச்சு. பைப் போட நம்ம நெலத்துல நீங்களும் நானும் தோண்டினப்ப ஒரு அம்மன் சிலை வந்துதே, தாசில்தார் ஜீப்புல ஏத்திகினு போனாரே, அது இப்ப மியூசியத்துல இருக்குதாம், போட்டோ எடுத்து அனுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அத்தையும் நானும் டிரெயின் ஏறினோம். பூரா மொட்டை போட்ட கூட்டம். யாரு பெத்த கொழந்தையோ அத்தை தோள்ல தூங்கிடுச்சு, அது தலைச் சந்தனமெல்லாம் அத்தையோட பட்டுப்பொடவையில. அந்தக் கோலத்தோடவே மியூசியத்துக்குள்ள போனா, கல்லு அம்மன் ஒண்ணு சிரிச்சிகினு நிக்குது. நம்மதுதான்னு கன்னத்துல போட்டுகினோம். நான் போனை எடுத்ததும் காவலுக்கு இருந்தவரு ஓடியாந்தாரு. போட்டோ எடுக்கக் கூடாதாம், வெளிச்சம் பட்டா சிலைக்கு ஆவாதாம். அத்தை விடுவாங்களா?

"மண்ணுல, மழையில கெடந்தப்ப ஒண்ணும் ஆவல. தூர தேசத்துல இருக்கற எம்புள்ள ஒரு தரம் பாத்தா கெட்டுடுமா?"

அவரும் நல்ல மனுசன்தான், மேல சொல்றதைத்தான் செய்யறேம்மான்னாரு. பேசிகினே அத்தை குங்குமத்தை எடுத்து, கட்டியிருந்த கயித்துக்கு மேல எக்கி அம்மன் நெத்திக்குக் கொண்டுபோவ, அவரு பதறித் தடுக்க, அவரு முழங்கை இடிச்சி என் போன் தரையில. கண்ணாடி நொறுங்கிப் போச்சு. அப்புறமும் நான் நின்னு பாத்துகினே இருந்தேன் பாவா. அன்னைக்கு நீங்க மண்ணைத் தொடச்சி விட்டதும் மொதல்ல மூக்குதான் தெரிஞ்சுது. கிட்ட போவாதபடி சுத்திக் கயிறு கட்டியிருக்காங்க. எங்க வீட்டுக்காரரு கை பட்ட எடங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் குனிஞ்சி போன் கண்ணாடியைப் பொறுக்கினேன்.

இதுக்காக லீவு கேட்டுகினு வராதீங்க. காண்ட்ராக்டை முடிச்சிட்டே வாங்க. நாங்க தைரியமாத்தான் இருக்கோம்.

உங்கள் வண்டிக்கு முன்னே மலைமேல் இருப்பவன் வேலோடு நடக்கட்டும். அத்தை ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
பிரபாவதி

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள வி.ஏ.ஓ. வந்து சொல்லிட்டுப் போறாரு. நாங்க கும்பிட்டது வேற ஊரு அம்மனாம். நம்மது இன்னும் குடோன்ல சாக்கு சுத்திக் கெடக்குதாம். கண்டெடுத்தவங்க நேர்ல வந்து கேட்டா தெறந்து காட்டுவாங்களாம். தோண்டினப்ப நானும் கூட இருந்தேன்னு நான் அவருகிட்ட சொல்லல. லீவு போட்டு வாங்க.