கரடி வீட்டு ஊசிக்கு ஒன்பது பொருத்தம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், காடு என்றால் நாலு கரடி இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கரடி ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கித் தொலைத்தது. நான் கரடி விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கரடியின் பெயர் வெள்ளியங்கிரி. மனைவி ராமாத்தாள். ஒரே மகளுக்குத் தேவயானை என்று பெயர். கரடிக்குட்டிக்கு யானைப் பெயர் வைத்த மனுஷரிடம் வேறென்ன புத்தியை எதிர்பார்க்க முடியும், சொல்லுங்கள். பெண் என்னவோ தங்கமான பெண். கறையான் புற்று தோண்டப் போன இடத்தில் பக்கத்து மலைப் பூபதியைப் பார்த்தாள், பிடித்துவிட்டது. பூபதிக்கும் அவளைப் பிடித்துவிட்டது. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டாள்.

பூபதியின் அப்பா சடையப்பர் பெரிய இசை ரசிகர். பெண் பார்க்கப் போனால் மற்றவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இவர் பெண் வீட்டு ரெக்கார்டு பிளேயரைப் பாடச் சொல்வார். அது மனசுக்குப் பிடித்தபடி பாடாவிட்டால் சொஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார். இப்படியே இரண்டு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் ஸ்பீக்கர் செய்த பாவம்.

விஷயம் தெரிந்ததும் வெள்ளியங்கிரி வௌவால் கடைக்கு ஓடி ஒரு ரெக்கார்டு பிளேயரை வாங்கினார். பாட்டுக் கருவி விற்க அந்தக் காதை விட்டால் வேறு காது ஏது?

"ஏனுங்க, ஊசி மாட்டற கார்ட்ரிட்ஜுலயே ஒசத்தியானது எதுங்க?"

வௌவால் தலைகீழாகத் தொங்கியபடியே ஒன்றை எடுத்து நீட்டியது. "இது மூவிங் காயில். பாட்டு சுத்தமா வரும். ஆனா சத்தம் எறும்பு முனகற மாதிரிதான் இருக்கும். அதைத் தூக்கிக் கொடுக்க ஒரு பிரீஆம்ப் பெட்டி வேணும். நீலப் பெட்டி நூறு மடங்கு தூக்கும், அது வேற வகை ஊசிக்கு. கறுப்புப் பெட்டி ஆயிரம் மடங்கு. உங்களுக்குக் கறுப்புதான். எப்பவும் ஊசிக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பாத்து வாங்கணுமுங்க, அதுதான் முக்கியம்."

வௌவால் செய்த தப்பு அந்த ஒரு வார்த்தைதான். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவர் காதில் போய் 'பொருத்தம்' என்று சொல்லலாமா? வெள்ளியங்கிரி ஊசி, பெட்டி அட்டைகளில் அச்சடித்திருந்த உற்பத்தித் தேதிகளை மனப்பாடம் செய்துகொண்டு நேராகப் பல்லி ஜோசியரிடம் போனார்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த சேதி உங்களுக்குத் தெரியும். அதே பல்லிதான் இது. ஏறி வந்து, உடம்பைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே போர்டு மாட்டிவிட்டது. கூட்டமும் குறையவில்லை.

"குரல் மெல்லிசா இருக்கறதால கார்ட்ரிட்ஜ் பொண்ணு," என்று ஆரம்பித்தது பல்லி. "எதைச் சொன்னாலும் ஊதிப் பெருசாக்கறதால பெட்டி மாப்பிள்ளை. பொண்ணு ரோகிணி. கறுப்புப் பெட்டி அஸ்தம். ரெண்டுக்கும் ஒரே ரஜ்ஜு, ஆகவே ஆகாது. சேத்து வெச்சா ஊசி ஒடியும். நீலப் பெட்டிக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம். கண்ணை மூடிட்டு முடிங்க."

வெள்ளியங்கிரி திரும்பி வந்து நீலப் பெட்டியைக் கேட்டார். வௌவாலுக்குத் தலைகீழாகவே தலை சுற்றியது. "ஐயா, சேராதுங்க. சத்தமே வராதுங்க."

"ஒன்பது பொருத்தமய்யா! எனக்கும் எம் பொண்டாட்டிக்குமே ஆறுதான்."

வீட்டில் இதைக் கேட்ட ராமாத்தாள், "அதான் ஊருக்கே தெரியுதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியை மாட்டி ரெக்கார்டைப் போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கடைசி வரை திருகினார்கள். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். அதற்குள் எங்கேயோ யாரோ பாடுவது போலவும் இருந்தது, பாடாதது போலவும் இருந்தது.

"அப்பா, பாட்டே கேக்கலையே," என்றாள் தேவயானை.

"புது ஜோடி அம்மிணி. கூச்சம். பழகினா வாய் தெறக்கும்."

தேவயானை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு நீலப் பெட்டிக்காகப் பூபதியை இழப்பதா? பெண் பார்க்க வரும் நாள் காலையில், அப்பா முடிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வௌவாலிடம் போனாள். "பாத்துட்டுத் தர்றேனுங்க," என்று கறுப்புப் பெட்டியை வாங்கி வந்து மாட்டி, மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். நீலத்தை அதற்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

சடையப்பர் வந்தார், மகனோடு. சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தாள். அவளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ம், பாடச் சொல்லுங்க."

ஊசியை வைத்தார்கள். அடடா! பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. மிருதங்கக்காரரின் விரல் தோலில் படுவது கேட்டது. தேவயானைக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளியங்கிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஒன்பது பொருத்தம்னா சும்மாவா!" என்றார்.

சடையப்பரின் முகம் மட்டும் சுண்டிப்போனது. "அருவி எங்கீங்க?"

"எந்த அருவிங்க?"

"எங்க ஊட்டுல ரெக்கார்டு போட்டா பாட்டுக்கு முன்னால உஸ்ஸுன்னு ஒரு அருவி கொட்டும். பாட்டு அதுக்கு அந்தப் பக்கம் இருந்து வரும். நாமதான் காதைத் தீட்டிப் புடிக்கோணும். அதுதான் சங்கீதம். இதென்ன, பந்தியில பக்கத்து எலையில உக்காந்து பாடற மாதிரி? மட்டு மரியாதை வேண்டாமா?" என்று சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் வந்த பூபதி தேவயானையிடம் குசுகுசுத்தான். "எங்கப்பனும் அந்தப் பல்லிகிட்டதான் பாத்தாரு. அவருக்கும் ஒன்பது பொருத்தம், நீலப் பெட்டிதான். நான் பொறந்ததுல இருந்து எங்க ஊட்டுல அருவிதான்."

தேவயானை ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். விட மனசில்லை. பூபதியையும் விட மனசில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னார்கள் பெரியவர்கள். ஆயிரம் மடங்கு உண்மை பேசுகிற பெட்டியை வைத்துக்கொண்டு எந்தக் கல்யாணம் நடக்கும்?

"மறுபக்கம் போடறேனுங்க மாமா," என்று போய் ஊசியைத் தூக்கினாள். துணிக்கு அடியிலேயே கறுப்பைக் கழற்றினாள், நீலத்தை மாட்டினாள், சத்தத்தைக் கடைசி வரை திருகினாள்.

உஸ்ஸ்ஸ்ஸ்!

"வந்துருச்சு!" சடையப்பர் துள்ளிக் குதித்தார். "கேட்டீங்களா சம்பந்தி, என்ன ஆழம், என்ன ஆழம்! நாம கோவிச்சதும் ஊசிக்கு ரோஷம் வந்துருச்சு பாருங்க. தட்டை மாத்திக்கலாமுங்க!"

வெற்றிலைத் தட்டு மாறியது. இரண்டு அப்பாக்களும் இரைச்சலுக்குத் தலையாட்டிக்கொண்டே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தேவயானை கறுப்புப் பெட்டியைக் கடையில் கொண்டுபோய் வைத்தாள். வௌவால் அவள் முகத்தைப் பார்த்தது. "ஏனம்மிணி, சரியாப் பாடலையா?"

"சரியாத்தானுங்க பாடுச்சு. அதனாலதான் திருப்பிக் கொண்டாந்தேன்."

நீதி: பொருத்தம் என்பது இரண்டு வீட்டிலும் ஒரே கோளாறு இருப்பது. கோளாறு இல்லாதவர்கள் தயவுசெய்து பெண் பார்க்க வந்து சொஜ்ஜியை வீணாக்க வேண்டாம்.